மேல் பெருஞ்சிரை சுருங்கியிருக்கிறது: இரண்டு வயதுக் குழந்தைக்குப் பலூனா, ஸ்டென்ட்டா?

பாப்பா அம்மா கேட்டது:

வணக்கம். எங்கள் மகளுக்கு இரண்டு வயது, 11 கிலோ. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறிப் பிறந்தவள். பிறந்த கையோடு அறுவை சிகிச்சை செய்து மாற்றித் தைத்தார்கள். அதன் பிறகு தொற்று வந்து ஐ.சி.யு.விலேயே வெகுநாள் கிடந்தாள். மருந்து ஏற்றக் கழுத்துச் சிரை வழியாகப் போட்ட சென்ட்ரல் லைன் என்ற குழாயும் அத்தனை நாளும் உள்ளேயே இருந்தது.

இப்போது இதயம் நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள். ஆனால் சில மாதங்களாகத் தூங்கி எழுந்தால் இரண்டு இமையும் வீங்கி, முகம் உப்பிப்போய் இருக்கிறது. எழுந்து ஓடியாட ஆரம்பித்தால் மதியத்துக்குள் வடிந்துவிடும். அலர்ஜி என்று மருந்து கொடுத்துப் பார்த்தோம், மாற்றமில்லை. குளிப்பாட்டும்போது மார்பின் மேல்பக்கம் நீலநீலமாக நரம்பு ஓடுவதைப் பார்த்துத்தான் திரும்ப இதய மருத்துவரிடம் போனோம். சி.டி. எடுத்ததில், எஸ்.வி.சி. என்கிற மேல் பெருஞ்சிரை, இதயத்தில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே 3 மி.மீ. ஆகச் சுருங்கியிருக்கிறதாம். அதற்கு மேலே அகலம் 8 மி.மீ. இருக்கிறதாம். அசைகஸ் என்ற சிரை பெருத்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்தோம். முதலாமவர், இப்போதைக்குப் பலூன் வைத்து விரிப்போம், வளர்ந்த பிறகு தேவைப்பட்டால் ஸ்டென்ட் (உள்ளேயே நின்று தாங்கும் உலோக வலைக்குழாய்) என்கிறார். இரண்டாமவர், சிரையில் பலூனால் விரித்தது நிற்காது, நேராக ஸ்டென்ட் வைத்துவிட்டு வளர வளர விரித்துக்கொள்ளலாம் என்கிறார். இருவருமே நிதானமாகப் பேசினார்கள், இருவர் சொன்னதும் சரியாகவே படுகிறது. அதுதான் குழப்பம்.

இன்னொன்று. எக்கோவில் அழுத்த வித்தியாசம் 3 மட்டும்தான் காட்டியது. அவ்வளவு குறைவாக இருக்கும்போது கேத் லேப் (ரத்தக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறை) வரை போகத்தான் வேண்டுமா?


கவின் அப்பா:

பாப்பா அம்மா, எங்க பையன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அவனுக்கு முதல்ல பலூன்தான் பண்ணாங்க. வெளியே வந்தப்போ முகம் பளிச்சுனு இருந்துச்சு, நாங்களும் முடிஞ்சுதுன்னு நினைச்சோம். கொஞ்ச மாசத்துல மறுபடி இமை வீங்க ஆரம்பிச்சுது. திரும்பப் பலூன், திரும்ப அதே கதை. அப்புறம்தான் ஸ்டென்ட். இப்போ ஸ்கூல் போறான், நடுவுல ஒரு தடவை ஸ்டென்ட்டைப் பெருசாக்கினாங்க, வீக்கம் வரவே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா செய்யுங்க. வெச்சது என்ன ஸ்டென்ட், எந்தக் கம்பெனி, எத்தனை மில்லிமீட்டருக்கு விரிச்சாங்கன்னு எழுதி வாங்குங்க. எங்க டிஸ்சார்ஜ் சம்மரியில வெறும் "ஸ்டென்ட் பொருத்தப்பட்டது"ன்னு ஒரே வரி. ஊர் மாறி வேற ஆஸ்பத்திரிக்குப் போனப்போ அங்க இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன ஸ்டென்ட்?". அதைக் கண்டுபிடிக்கப் பழைய ஆஸ்பத்திரிக்கு நடையா நடந்தோம்.


தென்றல்:

எனக்குத் தெரிந்த ஒரு குழந்தைக்கு நுரையீரல் சிரையில் ஸ்டென்ட் வைத்து, கொஞ்ச நாளிலேயே உள்ளே சதை வளர்ந்து அடைத்துக்கொண்டது. ஸ்டென்ட் என்றாலே எனக்குப் பயம். யோசித்துச் செய்யுங்கள்.


ஈயக்கோட்டுக்காரன்:

நான் மருத்துவர் இல்லை. குழந்தைகள் கேத் லேபில் டெக்னீஷியன். பலூனைத் தயார் செய்து கொடுப்பதும் பிரஷரை ஏற்றி இறக்குவதும் என் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் தென்றலுக்கு. நீங்கள் சொல்வது நுரையீரல் சிரை. அந்த நோயே வேறு. அங்கே சிரையின் சுவரே தடித்துக்கொண்டு போகும், நுரையீரலுக்குள்ளேயும் பரவும். சின்ன ஸ்டென்ட் வைத்தால் சீக்கிரம் அடைக்கும் என்பது உண்மைதான். பாப்பாவுக்கு இருப்பது தலையிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் இறங்கி வரும் பெரிய சிரையில், லைன் உரசி உரசி ஏற்பட்ட தழும்பு. நுரையீரல் சிரை நோயின் போக்கை வைத்து இதை எடை போடக் கூடாது.

அடுத்து அந்த 3. பெருந்தமனிச் சுருக்கத்தில் வித்தியாசம் 20 இருந்தால் தலையிடுவார்கள். அந்தக் கணக்கைச் சிரைக்குக் கொண்டுவந்தால் தப்பாகிவிடும். சிரையின் மொத்த அழுத்தமே 5 முதல் 10 மி.மீ. பாதரசத்துக்குள்தான், அதில் 3 போனால் அது பெரிய தொகை. போதாததற்கு அசைகஸ் வழியாக ரத்தம் சுற்றுவழி பிடித்து வயிற்றுப் பக்கம் இறங்கிக் கீழ்ப் பெருஞ்சிரை வழியாக இதயத்துக்குப் போய்விடுகிறது. சுற்றுவழி நன்றாகத் திறந்திருந்தால் பிரதான சாலை முக்கால்வாசி அடைத்திருந்தாலும் வித்தியாசம் ஒன்று, இரண்டுதான் காட்டும். எண் சின்னது என்று யாராவது தள்ளிப்போட்டால், அசைகஸ் ஏன் பெருத்தது என்று கேளுங்கள். காலை வீக்கமும் மார்பில் நீல நரம்பும் அந்த எண்ணைவிட நம்பகமான சாட்சி.

இப்போது பலூனா ஸ்டென்ட்டா. உங்கள் இரண்டு மருத்துவர்களும் எதிரெதிராகப் பேசுகிற மாதிரி தோன்றும். பாதி முடிவு மேசை மேல்தான் ஆகும் என்பது இருவருக்குமே தெரியும்.

அங்கே நடப்பது இது. தொடை இடுக்கிலிருந்து வயரை ஏற்றி, சுருக்கத்தைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதன் மேல் பலூன் ஏறும். நான் இன்டெஃப்ளேட்டர் என்ற பம்பின் கைப்பிடியைத் திருகுவேன், நீர்த்த கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) உள்ளே போகும். இரண்டு, மூன்று அட்மாஸ்பியர் அழுத்தத்தில் பலூன் திரையில் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் உப்பியிருக்கும், நடுவில் நூல் கட்டி இறுக்கிய தலையணை மாதிரி ஒரு இடுக்கு. அதை நாங்கள் இடுப்பு என்போம். எல்லாருடைய கண்ணும் அதன் மேல்தான். ஆறு, எட்டு என்று ஏற்றும்போது சிலருக்கு அந்த இடுப்பு சட்டென்று மறையும். சிலருக்குப் பன்னிரண்டு தாண்டியும் அசையாது, அப்போது உயர் அழுத்தப் பலூனையோ, பிளேடு பதித்த வெட்டும் பலூனையோ எடுப்பார்கள். இதெல்லாம் சில வினாடிக் காரியம். பலூன் உப்பியிருக்கும்வரை அந்தச் சிரையில் ரத்தம் இறங்காது, குழந்தையின் ரத்த அழுத்தம் விழும், மயக்க மருந்து டாக்டர் பின்னாலிருந்து "போதுமா, இறக்கலாமா" என்பார்.

பலூனை இறக்கிவிட்டு மறுபடி மருந்து அடித்துப் படம் எடுப்பார்கள். இடுப்பு மறைந்து, சிரையும் விரிந்தபடியே நின்றால், அந்தக் குழந்தைக்குப் பலூன் ஒரு நியாயமான சிகிச்சை. பலூன் முழுசாக உப்பியது, இறக்கியதும் சிரை பழையபடி சுருண்டுகொண்டது என்றால், அதற்கு இன்னும் பத்துப் பலூன் வைத்தாலும் அதே கதைதான். சிரைச் சுவர் மெல்லிசு, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். உள்ளே நின்று தாங்க ஏதாவது வேண்டும், அதுதான் ஸ்டென்ட். மூன்றாவது வகை, இடுப்பே மறையாதது. அதில் அவசரப்பட்டு ஸ்டென்ட் வைத்தால் ஸ்டென்ட்டும் அந்த இடத்தில் இடுப்போடு நிற்கும். பிற்பாடு யார் வந்தாலும் அதை விரிப்பது பெரும்பாடு.

அதனால் என்னைக் கேட்டால், சம்மதக் கையெழுத்து இரண்டுக்கும் சேர்த்தே போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு, மயக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்காக வெளியே பெற்றோரைத் தேடி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டென்ட் என்று முடிவானால் உங்கள் கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: இந்த ஸ்டென்ட் கடைசியாக எத்தனை மில்லிமீட்டர் வரை விரியும்? பெரியவர்களின் எஸ்.வி.சி. 18, 20 மி.மீ. அளவில் இருக்கும். இன்று 8 மி.மீ. குழாயில் வைக்கும் உலோகம் ஒருநாள் அந்த அளவைத் தொட வேண்டும். இதயத் தமனிக்கு வைக்கும் சின்ன ஸ்டென்ட் 5, 6 மி.மீ. தாண்டாது. தானாக விரியும் நிக்கல்-டைட்டானியம் வகை அதற்கென்று வைத்த அளவோடு நின்றுவிடும், வளரும் பிள்ளைக்கு அது சரிப்படாது. பலூனில் ஏற்றி விரிக்கும் பெரிய வகைதான் வேண்டும். அது தடிமன் என்பதால் அது நுழையும் ஷீத் என்ற உறைக்குழாயும் பெரிசு, 7 அல்லது 8 ஃபிரெஞ்ச். ஒரு ஃபிரெஞ்ச் என்பது மூன்றில் ஒரு பங்கு மி.மீ.; ஷீத்தின் சுவரையும் சேர்த்தால் வெளிவிட்டம் 3 மி.மீ.க்குப் பக்கம் வரும். 11 கிலோவில் தொடைச் சிரை அதைத் தாங்கிக்கொள்ளும். 4 கிலோ சிசு என்றால் நானே பலூன் பக்கம்தான் நிற்பேன்.


பாப்பா அம்மா:

ஈயக்கோட்டு அண்ணா, மிக்க நன்றி. இரண்டு மருத்துவர்களும் சொன்னது இப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்துகிறது. கவின் அப்பா, அந்த விவரங்களைக் கண்டிப்பாக எழுதி வாங்குகிறேன்.

இன்னும் சில சந்தேகம். ஸ்டென்ட் நகர்ந்துவிடுமா? பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாமல் போகுமா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டுமா? முதல் மருத்துவர் "ஆய்வுகள் இரண்டுக்கும் ஆதரவாக இருக்கின்றன" என்றார். அது எப்படி?


குழந்தை இதய மருத்துவர்:

படங்களைப் பார்க்காமல் உங்கள் குழந்தைக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். பொதுவானதைச் சொல்கிறேன்.

ஆய்வுகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். குழந்தைகளின் பெரிய சிரைகளில் பலூனையும் ஸ்டென்ட்டையும் ஒப்பிட்டு வந்தவை பெரும்பாலும் மருத்துவமனைகள் தங்கள் பழைய பதிவேடுகளைத் திருப்பிப் பார்த்து எழுதியவை. அவற்றில் ஸ்டென்ட் வைத்த சிரைகள் அதிக காலம் திறந்திருந்தன, மறு சிகிச்சை குறைவாகத் தேவைப்பட்டது என்றுதான் பொதுவாக வருகிறது. ஆனால் யாருக்குப் பலூன் மட்டும் செய்தார்கள் என்று பாருங்கள். சிசுக்கள், எடை குறைந்தவர்கள், இன்னொரு அறுவைக்குக் காத்திருப்பவர்கள். ஸ்டென்ட் கிடைத்தது பெரிய குழந்தைகளுக்கு. பந்தயம் ஆரம்பிக்கும் முன்பே இரண்டு பக்கமும் சமமில்லை. அதனால் ஒரே கட்டுரையை வைத்துக்கொண்டு இரண்டு மருத்துவர்கள் இரண்டு முடிவுக்கு வரலாம்.

ஸ்டென்ட் இந்தத் துறையில் நேற்று வந்ததும் இல்லை. 1988இல் சார்ல்ஸ் மல்லின்ஸ் குழுவினர் நுரையீரல் தமனியிலும் உடலின் பெருஞ்சிரைகளிலும் விலங்குகளில் வைத்துப் பார்த்து எழுதினார்கள். 1991இல் பிறவி இதய நோயாளிகளில் செய்தது வெளிவந்தது. உங்கள் மகளுக்கு இருந்த அதே குறைபாட்டுக்கு முன்பு மஸ்டர்ட், சென்னிங் என்ற அறுவைகள் செய்துவந்தார்கள். அவற்றைச் செய்துகொண்டவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் எஸ்.வி.சி. வரும் பாதை சுருங்கியது, ஸ்டென்ட் நன்றாகக் கைகொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. 1975இல் ஜடேன் வெற்றிகரமாகச் செய்துகாட்டிய தமனி மாற்று அறுவை பரவிய பிறகு அந்தச் சிக்கல் குறைந்துவிட்டது. உங்கள் மகளுக்கு நடந்தது அதன் வழிவந்ததுதான்.

டெக்னீஷியன் நண்பர் எழுதியதில் ஓரிடத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. சுருண்டுகொண்டால் உடனே ஸ்டென்ட் என்பதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுருக்கம் இதயத்தில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டென்ட்டின் கீழ்முனை வலது மேலறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, மேல்முனை அசைகஸின் வாயையோ இடது பக்கத்திலிருந்து வந்து சேரும் சிரையின் வாயையோ மறைக்காமல் இருந்தால் நல்லது. இரண்டு வயதில் இந்த இடைவெளி மிகச் சிறியது. பொருத்தமான நீளத்தில் ஸ்டென்ட் இல்லையென்றால், பலூனில் கிடைத்த பாதி முன்னேற்றத்தோடு வெளியே வந்து, குழந்தை இன்னும் சில கிலோ ஏறட்டும் என்று காத்திருப்பது தோல்வி ஆகாது. விரிக்க விரிக்க ஸ்டென்ட் நீளத்தில் குறையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்று சரியாக மூடிய தழும்பின் ஓரம் பத்து வருடம் கழித்து வெளியே தெரியலாம், அப்போது இன்னொன்று வைக்க வேண்டி வரும்.

பலூன் மட்டுமே போதும் என்று நான் தயங்காமல் சொல்லும் இடங்களும் உண்டு. கல்லீரலை ஒட்டிய கீழ்ப் பெருஞ்சிரையில் மெல்லிய சவ்வு குறுக்கே இருப்பது அதில் ஒன்று. கிழித்துவிட்டால் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஒற்றை வென்ட்ரிக்கிள் (இதயத்தின் ஒரு கீழறை மட்டுமே வேலை செய்யும்) குழந்தைகளில் எஸ்.வி.சி.யை அடுத்த அறுவையில் வெட்டித் தைக்கப்போகிறார்கள் என்றால், உலோகம் வைக்கும் முன் அறுவை மருத்துவரைக் கேட்பேன். முழுவதும் அடைபட்ட சிரை இதற்கு நேர்மாறு. அதை வயரால் துளைத்துத் திறந்தால், ஸ்டென்ட் இல்லாமல் அது திறந்து நிற்பது அபூர்வம்.

ஸ்டென்ட் நகர்வது நடக்கக்கூடியதுதான். பெரும்பாலும் வைக்கும் அந்த நிமிடத்தில், அளவு தப்பும்போது நடக்கும். பிடிமானம் கிடைத்து, சில வாரத்தில் உட்சுவர் அதன் மேல் படர்ந்த பிறகு நகர்வது அரிது. நான் அதிகம் கவலைப்படுவது கிழிசலைப் பற்றி. எஸ்.வி.சி.யின் கீழ்ப்பகுதி இதய உறைக்குள் இருக்கிறது. அங்கே கிழிந்தால் ரத்தம் உறைக்குள் தேங்கி இதயத்தை அழுத்தும். அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் நிமிடக் கணக்குதான். கிழிசலை மூட, துணி போர்த்திய ஸ்டென்ட் அறையிலேயே இருக்கிறதா, அன்று அறுவை மருத்துவர் கட்டடத்தில் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த நல்ல குழுவும் இதற்குக் கோபப்படாது. எஸ்.வி.சி.யை ஒட்டியே உதரவிதானத்துக்குப் போகும் வலது நரம்பும் ஓடுகிறது, இதயத் துடிப்பு கிளம்பும் கணு சேருமிடத்திலேயே இருக்கிறது. அளவுக்கு மீறி விரிக்காமல் இருக்க இவையும் காரணம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். பயன்பாட்டில் உள்ள துருப்பிடிக்காத எஃகு, பிளாட்டினம்-இரிடியம் ஸ்டென்ட்களோடு உரிய நிபந்தனைகளில் எடுக்க முடியும். ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் படம் கறுத்துத் தெரியும், எஃகில் அது அதிகம், பிளாட்டினத்தில் குறைவு. உள்ளே எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க சி.டி. தான் வசதி.

மருந்து: செய்யும்போது ஹெப்பாரின். பிறகு பெரும்பாலான இடங்களில் சில மாதங்களுக்கு ஆஸ்பிரின். ஏற்கெனவே உறைகட்டி இருந்தால், ரத்த ஓட்டம் மந்தமாக இருந்தால், எனாக்ஸாபரின் ஊசியோ வார்ஃபரினோ சேர்ப்பார்கள். வாழ்நாள் முழுக்க என்பது வழக்கமில்லை. ஆஸ்பிரின் எடுக்கும் காலத்தில் இன்ஃப்ளூயன்சாவோ சின்னம்மையோ வந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், ரை நோய்க்குறி என்ற அபாயம் இருக்கிறது.


ஈயக்கோட்டுக்காரன்:

டாக்டர் சொன்ன நீளக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், நான் அதை விட்டுவிட்டேன். ஆனால் "காத்திருப்போம்" என்று போன குழந்தைகளில் சிலர் முழு அடைப்போடு திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்போது 3 மி.மீ. வழிகூட இருக்காது, துளைத்துத்தான் போக வேண்டும். காத்திருப்பதானால் அடுத்து எப்போது பார்ப்பது என்று தேதி போட்டுக் காத்திருக்க வேண்டும்.


குழந்தை இதய மருத்துவர்:

சரியான பேச்சு. மூன்று மாதத்துக்குள் ஒருமுறை பார்ப்பதுதான் நானும் வைத்திருக்கும் வழக்கம், வீக்கம் திரும்பினால் அதற்கு முன்பே.


கவின் அப்பா:

டாக்டர், சின்னக் குழந்தைக்குன்னே ஒரு புது ஸ்டென்ட் வந்திருக்குன்னு படிச்சேன். அது இதுக்கு ஆகுமா?


குழந்தை இதய மருத்துவர்:

மினிமா என்பதைச் சொல்கிறீர்கள். சின்னக் குழாய் வழியாகவே உள்ளே போய், பிற்காலத்தில் பெரியவர்களின் அளவு வரை விரிக்கலாம் என்று வடிவமைத்தது. 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. ஒப்புதல் நுரையீரல் தமனிச் சுருக்கத்துக்கும் பெருந்தமனிச் சுருக்கத்துக்கும்தான், சிரைக்கு இல்லை. எடை குறைந்த சிசுக்களுக்கு இப்படிப்பட்டது எல்லா இடத்திலும் கிடைக்கும் காலம் வந்தால் நாங்கள் இங்கே போட்ட சண்டையில் பாதி இருக்காது. 11 கிலோவுக்கு இப்போது இருப்பதை வைத்தே செய்யலாம்.


பாப்பா அம்மா:

அடுத்த வாரம் இரண்டாவது மருத்துவரைப் பார்க்கிறோம். எழுதி வைத்துக்கொண்ட கேள்விகள்: முதலில் பலூன் வைத்துப் பார்த்து, சுருண்டால் மட்டும் ஸ்டென்ட் என்று செய்வீர்களா, வைக்கப்போகும் ஸ்டென்ட் எத்தனை மி.மீ. வரை விரியும், கீழ்முனை எங்கே நிற்கும், போர்த்திய ஸ்டென்ட் கையில் இருக்கிறதா. ஏதாவது விட்டுப்போயிற்றா?


ஈயக்கோட்டுக்காரன்:

ஒன்று உண்டு. பிறந்தபோது தொடையிலும் லைன் போட்டிருந்தார்களா என்று பழைய கோப்பில் பார்த்துக்கொண்டு போங்கள். போட்டிருந்தால் அந்தப் பக்கத் தொடைச் சிரையே அடைத்திருக்கலாம். முன்கூட்டியே அல்ட்ராசவுண்ட் பார்த்து வைத்தால், மயக்கம் கொடுத்த பிறகு வழி தேடி நேரம் போகாது. இரண்டு பக்கமும் அடைத்திருந்தால் கழுத்து வழியாக இறங்குவார்கள், அதற்கு மேசையையே வேறு மாதிரி போட வேண்டும், எங்களுக்கும் முதல் நாளே தெரிந்தால் நல்லது.